கொழும்பு மாவட்டத்துக்கு ஒரு பொது வயர்லெஸ் வலையமைப்பு: சபைகளும் திணைக்களங்களும் சேர்ந்து அமைப்பதற்கான முழு வழிகாட்டி

பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. நான்கு இலக்கம் என்றால் நான்கு கட்டுப்பாட்டு அறைகள். கொழும்பு மாவட்டத்தில் இதற்கு மேலே 5 மாநகர சபைகள், 5 நகர சபைகள், 3 பிரதேச சபைகள் இருக்கின்றன. களனி கங்கை பெருகி கொலன்னாவையில் தண்ணீர் ஏறும் இரவில் இவர்களில் குறைந்தது ஆறு தரப்பாவது ஒரே ஒழுங்கையில் நிற்பார்கள். ஒருவர் தன் வயர்லெஸ் செட்டில் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

அந்த இடைவெளியை இன்று நிரப்புவது பெரும்பாலும் கைபேசியும் வட்ஸ்அப் குழுவும்தான். சாதாரண நாளில் அது போதும். ஆனால் 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் வட்ஸ்அப் உட்பட சமூக வலைத்தளங்களை அரசாங்கமே முடக்கியது. 2022 ஏப்ரலில் மறுபடியும் முடக்கியது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் மின்சாரமும் பைபரும் அறுந்து கைபேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. தன் கையில் இல்லாத வலையமைப்பை நம்பி அவசர சேவை நடத்தினால் இப்படித்தான் நடக்கும்.

ஒவ்வொரு சபையும் தனித்தனியே கோபுரம் கட்டுவது கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்து ஒன்றைக் கட்டிப் பகிர்வதே வழி. அதற்கான படிகளை, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே தருகிறோம். கருவியைத் தெரிவு செய்வது ஐந்தாம் படியில்தான் வரும். அதற்கு முந்திய நான்கும் கடதாசி வேலை. இப்படியான திட்டங்கள் பெரும்பாலும் படுத்துப் போவதும் அந்த நான்கில்தான்.

படி 1: யார் உறுப்பினர், யார் விருந்தினர்

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். அன்றாடம் இந்த வலையமைப்பிலேயே பேசப் போகிறவர்கள் ஒரு பக்கம்: சபைகளின் தீயணைப்பு, வடிகால், குப்பை அகற்றல் பிரிவுகள், மாவட்டச் செயலகத்தின் அனர்த்தப் பிரிவு. ஏற்கெனவே சொந்த வலையமைப்பு உள்ளவர்கள் மறுபக்கம்: பொலிஸ், முப்படை. இரண்டாம் வகையினரை உள்ளே இழுக்க முயன்று இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுடைய கட்டுப்பாட்டு அறையில் உங்கள் செட் ஒன்று, உங்கள் கட்டுப்பாட்டு அறையில் அவர்களுடையது ஒன்று. ஆரம்பத்துக்கு இந்தப் பரிமாற்றமே போதும். பின்னர் தேவைப்பட்டால் இரண்டையும் இணைக்கும் கேட்வே வாங்கலாம்.

மின்சாரம், நீர் வழங்கல், புகையிரதம், பெரிய வைத்தியசாலைகள் ஆகியவை நடுவில் வருபவை. இவர்களுக்குப் பொதுப் பேச்சுக்குழுக்களில் (ஒருவர் பேசினால் அதே குழுவில் உள்ள எல்லாச் செட்டிலும் கேட்கும் பிரிவுகள்) மட்டும் அனுமதி தரும் "இணை உறுப்பினர்" நிலை பொருத்தம். கட்டணம் குறைவு, வாக்கு இல்லை.

படி 2: ஒப்பந்தம்

அழகான முன்னுரையும் "பரஸ்பர ஒத்துழைப்பு" என்ற சொல்லும் உள்ள இரண்டு பக்கப் புரிந்துணர்வுக் கடிதம் எதற்கும் உதவாது. பட்டரி பழுதாகும் நாளில் யார் காசோலை எழுதுவது என்பதை அது சொல்லாது. கீழே உள்ள ஆறு கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் நேரடிப் பதில் இருக்க வேண்டும்.

சொத்து யாருடையது? ஒரு சபையின் நிதியில் வாங்கிய ரிப்பீட்டர் (செட்டின் அலையை வாங்கிப் பலப்படுத்தி மீண்டும் அனுப்பும் கருவி) இன்னொரு சபையின் காணியில் இருந்தால் கணக்காய்வு விசாரணை நிச்சயம் வரும். இடம், தொடர் இலக்கம், வாங்கிய நிதி மூலம், சொத்துப் பதிவேட்டில் ஏற்றிய நிறுவனம் ஆகிய நான்கையும் காட்டும் அட்டவணையைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். வருடம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

உரிமம் யாருடைய பெயரில்? ஒரே நிறுவனத்தின் பெயரில் இருப்பது நல்லது. ஆனால் அந்த நிறுவனம் விலகினால் உரிமத்தை மாற்றிக் கொடுக்கச் சம்மதம் என்ற வாசகமும் கூடவே வேண்டும்.

யார் கையெழுத்து? இது சின்ன விஷயமாகத் தெரியும். உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் மேயரும் இல்லை, தவிசாளரும் இல்லை. ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். ஆகவே சபைத் தீர்மானத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, ஆணையாளர் அல்லது செயலாளர் பதவியின் பெயரால் கையெழுத்திடுங்கள். தனிமனிதரின் பெயரில் தொங்கும் ஒப்பந்தம் அடுத்த இடமாற்றத்தோடு போய்விடும்.

எப்படி முடிவெடுப்பது? சபைக்கு ஒரு வாக்கு என்றால், செலவில் அதிகப் பங்கைத் தரும் கொழும்பு மாநகர சபை மறுக்கும். பணத்துக்கு ஏற்ற வாக்கு என்றால் சிறிய சபைகள் மறுக்கும். நடைமுறையில் ஓடக்கூடிய வழி: சாதாரண முடிவுகளுக்குத் தலைக்கு ஒரு வாக்கு. கட்டண உயர்வு, புதிய கோபுரம், தொழில்நுட்ப மாற்றம் ஆகிய மூன்றுக்கு மட்டும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு, பங்களிப்புத் தொகையில் மூன்றில் இரண்டு, இரண்டும் சேர வேண்டும்.

விலகுவது எப்படி? 12 மாத முன்னறிவித்தல், அதுவும் வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் காலத்துக்கு முன். விலகுபவரின் காணியில் உள்ள கோபுரத்தை மற்றவர்கள் குறைந்தது 5 வருடம் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற வாசகத்தை மறந்தால், ஒரு சபையின் கோபம் மாவட்டத்தின் கால்வாசியை ஊமையாக்கிவிடும்.

நெருக்கடியில் முன்னுரிமை யாருக்கு? 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் மாவட்ட மட்டத்தில் இயங்கும் ஒருங்கிணைப்பு அமைப்புக்கு, பொதுப் பேச்சுக்குழுக்களை ஒதுக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். வெள்ளம் வந்த பிறகு கூட்டம் கூட்டி இதைத் தீர்மானிக்க முடியாது.

நிர்வாகக் குழுக்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். வருடம் இருமுறை கூடும் கொள்கைக் குழு, மாதாந்தம் கூடும் பாவனையாளர் குழு, தேவைப்படும்போது கூடும் தொழில்நுட்பக் குழு. பாவனையாளர் குழுவில் செட்டைக் கையில் பிடிப்பவர்கள் இருக்க வேண்டும். மேலதிகாரிகள் மட்டும் உட்கார்ந்தால் முறைப்பாடுகள் மேலே வராது.

படி 3: பணம்

கட்டும் செலவுக்கு எங்கிருந்தாவது ஒருமுறை நிதி வந்துவிடும். வருடாவருடச் செலவுக்குத்தான் யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் இயக்கச் செலவைப் பிரிக்கும் சூத்திரத்தை முதலிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு உதாரணம். உறுப்பினர் 18, செட்டுகள் 900, வருட இயக்கச் செலவு 40 மில்லியன் ரூபா என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2.22 மில்லியன். 20 செட் மட்டும் வைத்திருக்கும் பிரதேச சபை அன்றே எழுந்து போய்விடும். செட்டுக்குச் செட் பிரித்தால் அந்தச் சபைக்கு 0.89 மில்லியன், 250 செட் உள்ள பெரிய சபைக்கு 11.1 மில்லியன். இப்போது பெரிய சபை முகம் சுளிக்கும். 30 சதவீதத்தைச் சமமாகவும் 70 சதவீதத்தைச் செட் எண்ணிக்கைப்படியும் பிரித்தால் சிறிய சபைக்கு ஏறத்தாழ 1.29 மில்லியன், பெரியதற்கு 8.44 மில்லியன். மேசையில் வைத்துப் பேசக்கூடிய இலக்கங்கள் இவை.

பேசும் நிமிடத்துக்குக் கட்டணம் என்ற யோசனையை யாராவது கொண்டுவருவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிமிடத்துக்குக் காசு என்றால் மாதக் கடைசியில் செட்டை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். பழகாத செட்டை வெள்ளத்தன்று எடுத்தால் பட்டரியும் இருக்காது, எந்தக் குழுவில் பேசுவது என்றும் தெரியாது.

புதுப்பித்தல் நிதி வேறு. கையடக்க செட்டின் ஆயுள் 7 முதல் 10 வருடம், அதன் பட்டரிக்கு 2 முதல் 3, ரிப்பீட்டர்களுக்கு 10 முதல் 15. ஒரு செட் 1,50,000 ரூபா என்றால் 900 செட்டுக்கு 135 மில்லியன். 8 வருட ஆயுளுக்கு, வருடம் 16.9 மில்லியனை ஒதுக்கி வைக்க வேண்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கருவி டொலரில் வருகிறது, நிதியோ ரூபாவில் கிடக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதற்கு முன் சேர்த்த நிதி பாதிக்குச் சற்று மேலான செட்டுகளையே வாங்கித் தந்திருக்கும். எனவே ஒதுக்கீட்டுத் தொகையை ஒவ்வொரு வருடமும் அன்றைய நாணய மாற்று வீதத்தில் திருத்தும் வாசகம் தேவை. ஒரேயடியாக 900 ஐ மாற்றாமல் வருடம் எட்டில் ஒரு பங்கை மாற்றி வருவது இன்னும் நல்ல காப்பு.

படி 4: எத்தனை பேர், ஒரே நேரத்தில் எவ்வளவு பேச்சு

"எங்களுக்கு எத்தனை சனல் வேண்டும்?" என்று விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

சுறுசுறுப்பான ஒரு மணித்தியாலத்தில் ஒரு கோபுரத்தின் கீழ் 600 செட்டுகள், ஒவ்வொன்றும் 6 தடவை பொத்தானை அழுத்தி 5 விநாடி பேசுகிறது என்று வையுங்கள். 600 × 6 × 5 = 18,000 விநாடி. அதை 3,600 ஆல் வகுத்தால் 5. இதுதான் 5 ஏர்லாங் சுமை: சராசரியாக எந்த நேரமும் ஐந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

டெட்ரா என்ற டிஜிட்டல் வயர்லெஸ் முறையில் 25 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில், அதாவது ஒரு கேரியரில், 4 ஸ்லொட்கள்: ஒரே நேரத்தில் நான்கு பேச்சுக்கு இடம். கோபுரத்துக்கு ஒன்று கட்டுப்பாட்டுக்குப் போகும். இரண்டு கேரியர் வைத்தால் பேசுவதற்கு 7 ஸ்லொட். காத்திருப்பு வரிசைக் கணக்கின்படி 100 அழைப்பில் 32 காத்திருக்கும். மூன்று கேரியர் வைத்தால் 11 ஸ்லொட், காத்திருப்பது 100 க்கு ஒன்றோ இரண்டோ. ஒரேயொரு கேரியர் அந்த வித்தியாசத்தைச் செய்கிறது. ஆனால் அனர்த்தத்தில் பேச்சு இரட்டிப்பாகும். சுமை 10 ஆனால் அதே 11 ஸ்லொட்டில் 100 க்கு 68 அழைப்பு காத்திருக்கும், சராசரிக் காத்திருப்பு மூன்றரை விநாடி. மனிதர் மூன்று விநாடி பொறுக்க மாட்டார். மீண்டும் மீண்டும் அழுத்துவார், நெரிசல் கூடும். ஆகவே சாதாரண நாளின் இரண்டு மடங்குக்குக் கணக்கிட்டு, அதற்கு மேல் முன்னுரிமை ஒழுங்கை நம்புங்கள்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். குழு அழைப்பு ஒன்று, அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவராவது இருக்கும் ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு ஸ்லொட்டைப் பிடிக்கும். தெஹிவளைக் குப்பை லொறிச் சாரதி ஒருவர் அவிசாவளைக்கு ஒரு கலியாண வீட்டுக்குச் செட்டுடன் போனால், தெஹிவளைப் பேச்சு முழுவதும் அவிசாவளைக் கோபுரத்தையும் நாள் முழுக்க அடைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் எந்தெந்தக் கோபுரம் என்று வரையறை போடுங்கள். மாவட்டம் முழுதும் கேட்க வேண்டிய குழுக்கள் நான்கைந்துக்கு மேல் இருக்கக் கூடாது.

படி 5: தொழில்நுட்பம்

டெட்ரா, டிஎம்ஆர், பி25 ஆகிய மூன்று டிஜிட்டல் வயர்லெஸ் முறைகளும் திறந்த தரங்கள், அதாவது எந்த உற்பத்தியாளரும் பின்பற்றிச் செட் செய்யலாம். நெருக்கமான நகரம், அதிக பேச்சு என்றால் டெட்ரா. பரந்த பகுதி, குறைந்த பேச்சு, சுருங்கிய பணப்பை என்றால் 12.5 கிலோஹேர்ட்ஸில் 2 ஸ்லொட் தரும் டிஎம்ஆர். பி25 பெரும்பாலும் வட அமெரிக்காவில், செட்டின் விலையும் அதிகம். எதை எடுத்தாலும், இரண்டு வெவ்வேறு உற்பத்தியாளரின் செட்டுகள் உங்கள் வலையமைப்பில் பேசுவதைக் கண்ணால் பார்த்த பிறகே விலைமனுவை முடிவு செய்யுங்கள். திறந்த தரம் என்று சொல்லிவிட்டு, மறைகுறியாக்கத்தையும் (வெளியாருக்கு விளங்காதபடி பேச்சை மாற்றுவது) இடங்காட்டலையும் தன் சொந்த முறையில் பூட்டி வைக்கும் நிறுவனங்கள் உண்டு.

கைபேசி நிறுவனங்களின் 4ஜி வழியாகப் பேசும் செட்டுகள் மலிவு, கோபுரச் செலவில்லை. மேலதிக வழியாக வைத்திருக்கலாம். அதையே முதல் வழியாக வைத்தால் இரண்டாம் பந்தியில் சொன்ன இடத்துக்கே திரும்பி வருவீர்கள்.

படி 6: அலைவரிசை

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம், 1996 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை உருவாக்கியது. அலைவரிசையும் அலை வெளியிடும் கருவியும் அந்தச் சட்டத்தின் 22 ஆம் பிரிவின் கீழ் உரிமம் பெற வேண்டியவை. அரச நிறுவனம் என்பதால் விலக்கு என்று நினைத்துக் கருவியை முதலில் இறக்கினால் அது சுங்கத்தில் கிடக்கும்.

விண்ணப்பத்துக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை: ஒவ்வொரு இடத்தினதும் ஆள்கூறுகள், தரைமட்ட உயரம், அன்டெனா உயரம், வெளியீட்டு வலு, அன்டெனாவின் திசை, கோபுரம் ஒன்றுக்கான கேரியர் எண்ணிக்கை, நாலாம் படியின் சுமைக் கணக்கு. கணக்கு இல்லாமல் "20 சனல் வேண்டும்" என்றால் 8 கிடைக்கும், அதுவும் மாதங்கள் கழித்து. பாதுகாப்பு அமைச்சின் இணக்கத்தையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஒன்று முடிந்து மற்றது என்று வரிசையாகப் போனால் வருடம் ஓடிவிடும்.

இலங்கை இருப்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மூன்றாம் பிராந்தியத்தில். 2015 உலக வானொலி மாநாடு திருத்திய 646 ஆம் இலக்கத் தீர்மானம், பொதுப் பாதுகாப்பு அகலப்பட்டைக்கு (புரோட்பாண்ட்) 694–894 மெகாஹேர்ட்ஸை நோக்கச் சொல்கிறது. பேச்சு வலையமைப்பை 400 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் கட்டினாலும், கோபுரத்தில் எதிர்கால அன்டெனாவுக்கு இடமும் காற்றுச் சுமைக் கணக்கும் விட்டு வையுங்கள்.

ஒரே கூரையில் பல நிறுவனங்களின் கருவிகள் நிற்கும்போது கலப்பு அலை பிறக்கும். 150.100, 150.600 மெகாஹேர்ட்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால் 151.100 இல் ஒரு போலி அலை வரும். அந்த இடத்தில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு இரைச்சல்தான். அனைவரது அலைவரிசைகளையும் ஒரே தாளில் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 7: கோபுரம், இணைப்பு, மின்சாரம்

புதிய கோபுரம் கடைசித் தெரிவு. இருக்கும் உயரமான அரச கட்டடங்களையும் நிறுவனக் கோபுரங்களையும் முதலில் பாருங்கள். புதிது என்றால் உள்ளூராட்சி சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஆகியவற்றின் பக்கம் போக வேண்டிவரும். இரத்மலானை விமான நிலையத்துக்கு அருகில் உயரக் கட்டுப்பாடு இறுக்கம் என்பதால் தெஹிவளை, மொரட்டுவைப் பக்கத்து இடங்களை இரண்டு மாற்றுத் தெரிவுகளோடு சமர்ப்பியுங்கள்.

கோபுரங்களை இணைக்கும் மைக்ரோவேவ் பாதைக்குக் கொழும்பில் பெரிய எதிரி மழையல்ல, மாடி வீடு. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடலோரமாக எழும்பும் தொடர்மாடிகள், இன்று தெளிவாக இருக்கும் பாதையை இரண்டு வருடத்தில் மறைத்துவிடும். பாதையின் நேர்கோட்டில் அனுமதி பெற்ற கட்டடங்களின் பட்டியலைச் சபையிலிருந்து எடுப்பது உங்களுக்குச் சுலபம், நீங்களே சபைதானே. 18 அல்லது 23 கிகாஹேர்ட்ஸ் என்றால் கனமழையில் சமிக்ஞை கரையும், பாதையைச் சில கிலோமீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பாதைக்கு 7 அல்லது 8 கிகாஹேர்ட்ஸ்.

பைபர் இரண்டு நிறுவனங்களிடம் எடுத்தால் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். இருவரது கேபிளும் பேஸ்லைன் வீதியில் ஒரே கிடங்கில் கிடந்தால், ஒரு பெக்கோ இயந்திரம் இரண்டையும் சேர்த்து அறுக்கும். பாதை வரைபடத்தை ஒப்பந்தத்தில் கேளுங்கள். கோபுரங்களை வளையமாக இணையுங்கள்.

மின்சாரம்தான் வலையமைப்பின் உயிர். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருண்டது. 24 மணித்தியாலத்துக்குக் கணக்கிடுங்கள். ஓர் இடத்தின் சுமை 1.2 கிலோவாற் என்றால் 48 வோல்ற்றில் 25 அம்பியர், 24 மணித்தியாலத்துக்கு 600 அம்பியர்மணி. ஈய அமில பட்டரியைப் பாதி அளவுக்குத்தான் இறக்கலாம் என்பதால் 1,200 வாங்க வேண்டும். லிதியம் இரும்பு பொஸ்பேற் என்றால் 80 சதவீதம் வரை இறக்கலாம், 750 போதும். இந்தக் கணக்கில் குளிரூட்டி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கரண்ட் போனதும் கருவி பட்டரியில் ஓடும், குளிரூட்டி நின்றுவிடும் என்பதை யாரும் நினைப்பதில்லை. பூட்டிய அறை சில மணித்தியாலத்தில் கொதித்து, பட்டரி பாதி இருக்கும்போதே கருவி தன்னை அணைத்துக்கொள்ளும். 48 வோல்ற்றில் ஓடும் காற்றாடி ஒன்றும் காற்றுத் துவாரமும் வைத்தால் இது தீரும்.

ஜெனரேற்றரைப் பெரிதாக வாங்குவது பெருமையல்ல. கொள்ளளவின் 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். மணிக்கு 2 லீற்றர் குடிக்குமென்றால் 72 மணித்தியாலத்துக்கு 144 லீற்றர், 200 லீற்றர் தாங்கி போதும். எரிபொருள் தட்டுப்பாட்டில் யாருக்கு முன்னுரிமை என்பதை முன்கூட்டியே மாவட்டச் செயலகத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உள்நாட்டுக் கபூக் (செம்புரைக்கல்) மண்ணில் நிலத்தொடுப்பு (எர்த்) எளிதில் கிடைக்காது. தடையை 10 ஓமுக்குக் கீழே, முடிந்தால் 5 க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஈரமான ஜூனில் அளந்தால் நல்ல இலக்கம் வரும், அது பொய். பெப்ரவரியில் அளக்கவும். ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் கூடும், கோபுர ஏற்ற வேலைகளை டிசம்பர் முதல் மார்ச் வரை முடியுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கத்துக் கருவி அறைகள் 2016 மே வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஜெனரேற்றரும் அப்படியே. கருவியை மாடியில் வைத்து ஜெனரேற்றரை நிலத்தில் விடுவது பழைய பிழை.

படி 8: பேச்சுக்குழுவும் மொழியும்

ஒவ்வொரு சபைக்கும் சொந்தக் குழுக்கள். பொதுக் குழுக்கள் எல்லாச் செட்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உதாரணமாக, குமிழின் 15 ஆம் நிலை "மாவட்டம் 1", 16 ஆம் நிலை "மாவட்டம் 2". இருட்டில், கையுறையோடு, பார்க்காமல் திருப்பினாலும் கடைசி இரண்டு எப்போதும் பொது. பொதுக் குழுவில் மறைகுறியாக்கம் வேண்டாம். மறைகுறியாக்கத் திறவுகோல் ஒரு செட்டில் பழையது, இன்னொன்றில் புதியது என்று இருந்தால் இருவரும் பக்கத்தில் நின்றும் கேட்காது. செட்டின் மென்பொருள் வார்ப்புருவை (எல்லாச் செட்டிலும் ஏற்றும் அமைப்புக் கோப்பு) ஒரே ஆள் பாதுகாக்க வேண்டும், ஒவ்வொரு பதிப்புக்கும் இலக்கம் வேண்டும். அடையாள இலக்கங்களைத் தொகுதியாகப் பிரியுங்கள்: ஒரு சபைக்கு 10001 முதல் 10999, அடுத்ததற்கு 11001 முதல்.

குறியீட்டு இலக்கங்களைப் பொதுக் குழுவில் தடை செய்யுங்கள். ஒரு சபையின் "பத்து நாலு" இன்னொரு சபைக்கு வேறொன்றாக இருக்கும். வெற்றுப் பேச்சே பேச்சு.

ஆனால் எந்த மொழியில்? 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. செட்டில் பெரும்பாலும் சிங்களம்தான் ஓடும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டிலிருந்து வரும் தகவல் தமிழில் தொடங்கி, சிங்களத்தில் செட்டுக்குப் போய், ஆங்கிலத்தில் பதிவாகும். தவறு நடப்பது பெரும்பாலும் இடப்பெயரில். தமிழில் நாம் "கோட்டை" என்றால் கொழும்புக் கோட்டையா, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையா? சிங்களத்தில் ஒன்று கொட்டுவ, மற்றது கோட்டே. நாம் புறக்கோட்டை என்பது அவர்களுக்குப் பிட்டகொட்டுவ, ஆனால் பிட்டகோட்டே என்று வேறோர் ஊர் கோட்டேயிலேயே இருக்கிறது. இரைச்சலான செட்டில் இரண்டும் ஒன்றுதான், தீயணைப்பு வண்டிக்கு மட்டும் பல கிலோமீற்றர் வித்தியாசம். புதுக்கடை, அளுத்கடை, ஹல்ஸ்டொப் மூன்றும் ஒரே இடம். செட்டியார் தெரு, ஹெட்டிவீதிய இரண்டும் ஒரே தெரு. முகத்துவாரம் என்றால் மோதரை, கொம்பனித்தெரு என்றால் கொம்பஞ்ஞவீதிய.

ஆகவே மூன்று மொழியிலும் உள்ள இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட குறியைக் கொடுங்கள். இடத்தைச் சொல்பவர் பெயரையும் குறியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்பவர் திரும்பச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு வேலை முறையிலும் (ஷிப்ட்) தமிழ் தெரிந்த ஒருவராவது இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நல்லெண்ணத்துக்கு விட்டால் இரவு முறையில் இருக்க மாட்டார்.

இலக்கங்களிலும் இதே வில்லங்கம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களனி கங்கை அளவீட்டில் நாகலகம் வீதி அளவுகோல் அடியில், ஹங்வெல்ல மீற்றரில். "ஏழு" என்று செட்டில் கேட்டால், நாகலகம் வீதியில் அது பெருவெள்ள மட்டம். ஹங்வெல்லவில் எச்சரிக்கை மட்டம் மட்டுமே, பெருவெள்ளம் அங்கே 10. இடம், இலக்கம், அலகு மூன்றும் இல்லாத நீர்மட்டத் தகவலைப் பதிவு செய்யக் கூடாது என்று விதி போடுங்கள்.

படி 9: ஏற்றுக்கொள்ளும் சோதனை

"மாவட்டத்தில் 95 சதவீதம் கேட்கும்" என்று விலைமனுவில் எழுதினால் போதாது. எந்தச் செட், எங்கே வைத்து? வாகனத்தின் கூரை அன்டெனாவில் 95 சதவீதம் சுலபம். இடுப்பில் தொங்கும் கையடக்க செட்டில் உடம்பே அலையை விழுங்கும், 10 டெசிபெல்லுக்கு மேலும் போகலாம். "வீதியில், இடுப்பில், இரு திசையிலும்" என்று எழுதுங்கள். கோபுரம் கேட்பதும் செட் கேட்பதும் வேறு. பெரும்பாலும் முதலில் அறுவது செட்டிலிருந்து கோபுரத்துக்குப் போகும் திசை.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீற்றர். 1 கிலோமீற்றர் சதுரமாகப் பிரித்தால் 700 கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பேச்சு. 37 சதுர கிலோமீற்றர் கொண்ட மாநகர எல்லைக்குள் மட்டும் 500 மீற்றர் கட்டம், ஏறத்தாழ 150. இரண்டு பேர் பேசி, மூன்றாமவர் விளங்கியதா என்று புள்ளி போடட்டும். சமிக்ஞை அளவை மட்டும் பார்க்கும் சோதனையை ஏற்க வேண்டாம், பலமான சமிக்ஞையிலும் குறுக்கீட்டால் பேச்சு உடையும். வைத்தியசாலை நிலக்கீழ் மாடி, சந்தைக் கட்டடம், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றைத் தனிப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேருங்கள். அங்கெல்லாம் கோபுரம் இல்லாமல் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் முறையைப் பழக்கவும் வேண்டும்.

கடைசிக் கொடுப்பனவின் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வையுங்கள்.

படி 10: ஓட்டுவது

திங்கள் காலை பொதுக் குழுவில் ஆளெண்ணல், எல்லாச் சபையும் ஒரு நிமிடம். மாதம் ஒருமுறை பிரதான மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்தி 30 நிமிடம் ஜெனரேற்றரில் ஓட்டம். சும்மா ஸ்ராற் பண்ணிப் பார்ப்பது சோதனையல்ல. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாவட்டப் பயிற்சி, ஒவ்வொரு தடவையும் ஒரு கோபுரத்தை அணைத்துவிட்டு.

செட் தொலைந்தால் 24 மணித்தியாலமும் அழைக்கக்கூடிய ஓர் இலக்கம், அழைத்த 15 நிமிடத்துக்குள் அந்தச் செட்டை வலையமைப்பிலிருந்து முடக்கும் அதிகாரம் உள்ள ஒருவர். முடக்கினால் தன்னிடம் விளக்கம் கேட்பார்களோ என்று அந்த ஆள் பயந்தால் தொலைந்த செட் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். முதலில் முடக்கு, பிறகு கடிதம் என்று நிலையான கட்டளையில் எழுதி, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள். பொறுப்பாளருக்கு இடமாற்றம் வந்தால் சாவிகள், கடவுச்சொற்கள், வார்ப்புருக் கோப்பு, உரிமம் முடியும் திகதி ஆகிய நான்கையும் கையளித்ததாக இரு கையெழுத்து இல்லாமல் விடுவிப்புக் கடிதம் கொடுக்கக் கூடாது. உரிமம் முடிவதற்கு 90 நாள் முன்னதாகவே புதுப்பித்தலைத் தொடங்குங்கள். திகதியை ஒரே ஆளின் கைபேசியில் மட்டும் குறித்து வைக்க வேண்டாம்.